எஞ்சினுக்கு முன்னால் பாதை: தன்னார்வலர் நடத்தும் பாரம்பரிய ரயில்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள டவின் என்னும் சிற்றூரிலிருந்து மலைப்பக்கமாக ஏறிச் செல்கிறது டாலிலின் ரயில் பாதை. தன்னார்வலர்கள் பொறுப்பேற்றுக் காப்பாற்றிய உலகின் முதல் ரயில் பாதை இதுதான். பிரின் எக்லுயிஸ் சுரங்கத்தில் வெட்டிய சிலேட் கல்லைக் கீழே கொண்டுவருவதற்காக 1860களின் நடுவில் இதை அமைத்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 2 அடி 3 அங்குலம். இன்றைய நீளம் ஏறத்தாழ ஏழேகால் மைல். 1946 டிசம்பர் இறுதியில் சுரங்கம் சரிந்து வேலை நின்றது. தம் கைப்பணத்தைச் செலவழித்து ரயிலை விடாமல் ஓட்டிவந்த உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950 ஜூலையில் காலமானார். அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று டாம் ரோல்ட் முதலிய ஆர்வலர்கள் பர்மிங்ஹாமில் கூட்டம் கூட்டிச் சங்கம் ஒன்றை அமைக்க முடிவுசெய்தார்கள். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயில் ஓடியது.

நம்மவர்களுக்குப் பாரம்பரிய ரயில் என்றதும் நினைவுக்கு வருவது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில். அதைத் தெற்கு ரயில்வே தன் ஊழியர்களைக் கொண்டு நடத்துகிறது. நான் இங்கே பேசுவது, ஊதியம் பெறாத பொதுமக்கள் தாமே ஓட்டுநராகவும் கார்டாகவும் பாதைப் பணியாளராகவும் இருந்து நடத்தும் ரயில்களைப் பற்றி. பிரிட்டனில் இன்று அப்படிப்பட்ட பாதைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. புதிதாகச் சேர விரும்புவோரும், கைவிடப்பட்ட எஞ்சின் ஒன்றை மீட்கலாம் என்று எண்ணுவோரும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. கண்ணைக் கவரும் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தாங்கும் பாதையையும், அதன் வயிற்றிலுள்ள கொதிகலனையும், அதை இயக்கும் மனிதரையும் இரண்டாம் இடத்தில் வைப்பதே அந்த இடம்.

பாதையில் தொடங்குவோம். 1951இல் டாலிலினிடம் ஓடும் நிலையில் இருந்த எஞ்சின் ஒன்றே ஒன்று: 1866இல் பிறந்த இரண்டாம் எண் எஞ்சினான டோல்கோக். பாதையின் பெயரையே கொண்ட, அதன் மூத்த உடன்பிறப்பான முதல் எண் எஞ்சின், ஓட முடியாத நிலையில் கொட்டகையில் கிடந்தது. ஒற்றை எஞ்சினை நம்பிப் பருவம் முழுவதும் ரயில் விட முடியாது என்பதால், அருகிலேயே 1948இல் மூடப்பட்டிருந்த காரிஸ் ரயில் பாதையின் இரண்டு எஞ்சின்களை ஒன்று 25 பிரிட்டிஷ் பவுண்டு என்ற விலைக்குச் சங்கம் வாங்கியது. காரிஸ் பாதைக்கும் அதே 2 அடி 3 அங்குல அகலம்தான் என்பதால் இது தெய்வாதீனமாகக் கிடைத்த வாய்ப்பாகவே தோன்றியிருக்கும். ஆனால் சர் ஹேடன் என்று பெயர் பெற்ற மூன்றாம் எண் எஞ்சினைப் பாதையில் விட்டபோது, அது திரும்பத் திரும்பத் தண்டவாளத்தை விட்டு உள்ளே இறங்கிவிட்டது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமான டோல்கோக் வளைவுகளில் திரும்புவதற்கு வசதியாகப் பழைய நிர்வாகமே பாதையை அரை அங்குலம் அகட்டிப் போட்டிருந்தது. போதாதற்கு, மக்கிப்போன ஸ்லீப்பர் கட்டைகள் ஆணிகளைப் பிடிக்காமல் நெகிழ்ந்திருந்தன. காரிஸ் எஞ்சினின் சக்கர விளிம்போ ஒடுக்கமானது. தாளில் எழுதியிருந்த அகலத்தைப் பார்த்து வாங்கிய எஞ்சினால், மண்ணில் கிடந்த அகலத்தில் ஓட முடியவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மிகவும் நடைமுறையான ஒன்று. எஞ்சினைத் தேடுவதற்கு முன்னால் அளவுகோலை எடுத்துக்கொண்டு பாதை நெடுக நடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அகலத்தை அளந்து, ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்து, நீர் தேங்கும் இடங்களைக் குறித்து, சக்கரங்களின் ஓர் அச்சு வழியாக இறங்கும் எவ்வளவு பளுவைப் பாதை தாங்கும் என்று தீர்மானித்த பிறகுதான் எந்த எஞ்சின் என்ற கேள்வி எழ வேண்டும். ரோல்ட்டும் அவருடைய தோழர்களும் முதல் நாளிலேயே முழுப் பாதைக்கும் ரயில் விடவில்லை. சிறிது தூரத்திலிருந்த ரிதரோனன் வரைக்கும்தான் விட்டார்கள். அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். திறப்பு விழாவன்றே கடைசி நிலையம் வரை போயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது ஆபத்தானது.

அடுத்து, வாங்கும் விலையே பெருஞ்செலவு என்று எண்ணுவது. தெற்கு வேல்ஸின் பாரி என்ற துறைமுகத்தில் இருந்த உட்ஹாம் சகோதரர்களின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து 1968 முதல் 1990 வரை 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள். வேறெங்கும் காணாத சாதனை அது. எனினும், கடற்காற்றில் ஆண்டுக்கணக்காக நின்று செம்பும் பித்தளையும் கழற்றப்பட்டுவிட்ட அந்த எஞ்சின்களில் சில, மீட்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்தும் ஓடவில்லை. பணமும் பட்டறையும் கைத்திறனும் நிறைந்த நிறுவனத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினை 2004இல் 23 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது; 2006இல் தொடங்கிய புதுப்பிப்பு 2016இல்தான் முடிந்தது; அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 42 இலட்சம் பவுண்டு, அதாவது வாங்கிய விலையைக் காட்டிலும் மிக அதிகம். ஒரு பகுதியைக் கழற்றும்போது அதற்குப் பின்னால் மறைந்திருந்த இன்னொரு பழுது தெரியவந்தது. ஆகவே கழற்றிப் பார்க்காத எஞ்சினுக்குச் செலவுக் கணக்கு எழுதக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கும் ஓய்வில்லை. பிரிட்டனில் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனை எஞ்சினின் அடிச்சட்டகத்திலிருந்து தூக்கி, குழாய்களை உருவி, முழுமையாகச் சோதித்த பிறகே மீண்டும் நெருப்பு மூட்ட விடுகிறார்கள். இன்று வரும் பயணச்சீட்டு வருவாயிலிருந்து அந்தப் பத்தாம் ஆண்டுக்காக ஒதுக்கி வைக்காத சங்கத்தின் எஞ்சின், ஒருநாள் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேரும்.

கொதிகலனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்; இங்கே நேரும் தவறுதான் உயிரைப் பறிப்பது. நிலக்கரி எரியும் உலை, கொதிகலனுக்குள்ளேயே நாற்புறமும் நீர் சூழ அமைந்திருக்கிறது. உலையின் மேற்கூரைத் தகட்டை எப்போதும் நீர் மூடியிருக்க வேண்டும். அழுத்தம் 10 பார் அளவில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காக, இருக்கும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பம் 180 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கும் என்பதால், நீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தகடு தாங்கும். நீர்மட்டம் இறங்கித் தகடு வெளிப்பட்டால், கீழே எரியும் நெருப்பில் அது சில நிமிடங்களில் வலுவிழந்து தொய்ந்து கிழிகிறது. கிழிந்த கணத்தில் அழுத்தம் விடுபட, அதுவரை நீராக இருந்தது பொங்கி ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் வெளியில் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓட்டுநர் அறையில் நிற்பவர்களின் நிலை விளங்கும்.

1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ரயில் பாதையில் சுற்றுலா ரயிலை இழுத்துச் சென்ற 1278ஆம் எண் எஞ்சினுக்கு இதுதான் நேர்ந்தது. ஓட்டுநரும், உலைக்குக் கரி போட்டு நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன்கள் இருவரும் தீக்காயமடைந்தார்கள். கொதிகலனில் நீர் குறைந்திருந்தது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழியில் படிவு அடைத்திருந்தது. கொதிகலனுக்கு விடும் நீரைப் பதப்படுத்துவதிலும் குறை இருந்தது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது. மேற்கூரையைத் தாங்கும் போல்ட்டுகள் ஒரே நேரத்தில் விட்டுவிடாமல் படிப்படியாக விடும்படி அந்த எஞ்சினை வடிவமைத்திருந்ததால்தான் கொதிகலன் முழுவதுமாக வெடிக்கவில்லை. இதன் பிறகு அமெரிக்காவில் நீராவி எஞ்சின்களுக்கான விதிகள் திருத்தி எழுதப்பட்டன.

எனவே கண்ணாடியில் நீர் தெரிகிறது என்பதோடு நிற்பது தவறு. கண்ணாடியின் அடித் திறப்பைத் திறந்து நீரை வெளியேற்றி, மூடியதும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு ஏறுகிறதா என்று ஒவ்வொரு நாளும், பணி மாறும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மெதுவாக ஏறினால் வழி அடைபட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். உலையின் கூரையில் பதித்திருக்கும் ஈய அடைப்பான் உருகி எச்சரிக்கும் என்று நம்பி இருப்பதும் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவிப் படிவை அகற்றுவது அழுக்கான, பெருமை தராத வேலை. சுற்றுலாப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது அதைத் தள்ளிப்போடும் ஆசை எல்லாச் சங்கங்களுக்கும் வரும். அந்த ஆசைக்கு ஒருமுறைகூட இடம் கொடுக்கக் கூடாது.

குளிர்ந்த எஞ்சினை அவசரமாகச் சூடாக்குவதும் இதே வகைத் தவறுதான், ஆனால் இதன் கேடு உடனே தெரியாது. செம்பும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை. தடித்த தகடும் மெல்லிய குழாயும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. காலை பத்து மணி ரயிலுக்காக எட்டு மணிக்கு வந்து பெருநெருப்பு மூட்டினால் குழாய் முனைகள் கசியத் தொடங்கும். தகடுகளில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். முந்தைய நாளே சிறு நெருப்பிட்டு மெல்ல வெதுவெதுப்பாக்குவது, விடியுமுன் வந்து படிப்படியாக அழுத்தத்தை ஏற்றுவது, புறப்படும்போது சிலிண்டர்களின் வடிகால்களைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுவது ஆகிய மூன்றிலும் குறுக்கு வழி கிடையாது.

பழமையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே பழமையைத் திருத்திவிடுவது வேறொரு தவறு. டாலிலின் ரயிலில் பயணிகள் பெட்டிகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே கதவு உண்டு. 1866இல் பாதையைச் சோதிக்க வந்த அரசு அதிகாரி, பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை என்று கண்டார். பாலங்களை இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக, ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக மூடிவிட்டு, அந்தப் பக்கமாகத் தண்டவாளத்தை நகர்த்தி, மறுபுறம் ஆள் இறங்க இடம் உண்டாக்கினார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு இது குறையாகத் தெரியும். வசதிக்காக இதைச் சீராக்கியிருந்தால் அந்தப் பாதையின் பிறப்பு வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோயிருக்கும். வடமேற்கு வேல்ஸின் சிலேட் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது அதில் டாலிலின் ரயில் பாதையும் அடங்கியிருந்தது. மாற்ற வேண்டிய பாகங்கள் இருக்கவே செய்யும். ஓடும் எஞ்சினில் தேயாத உறுப்பே கிடையாது. ஆனால் எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று எழுதி வைக்காமல் மாற்றுவதும், கழற்றிய பழைய பாகத்தை எடைக்குப் போடுவதும் சரியல்ல.

நிலக்கரியைக் குறித்தும் முன்யோசனை தேவை. வேல்ஸில் கடைசியாக எஞ்சியிருந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கமான ஃபோஸ்-ய்-ஃப்ரான் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. பழகிய கரி கிடைக்காதபோது, கிடைத்த கரியைச் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்துவது உலையின் அடிச்சட்டங்களைக் கெடுக்கும். கோடையில் பாதையோரப் புல்லில் பொறி விழுவதையும் கூட்டும்.

கடைசியாக, மனிதர்கள். தன்னார்வலர் ஊதியம் பெறுவதில்லை என்பதால் அவருக்கு விதிகளில் சலுகை உண்டு என்று சிலர் எண்ணுகிறார்கள். பயணியின் உயிர் எந்த ரயிலிலும் ஒன்றுதான். புதிதாக வருபவர் எஞ்சினைத் துடைப்பவராகத் தொடங்கி, ஃபயர்மேனாகத் தேறி, பல ஆண்டுகள் கழித்தே ஓட்டுநராகிறார். எஞ்சின் ஓட்டும் கனவோடு வருபவரை முதல் வாரத்திலேயே கைப்பிடியைத் தொட விடுவதும், பல ஆண்டுகளாகப் புதர் வெட்டுகிறவரை யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் சங்கத்தைக் குலைக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பாதையிலேயே வாழ்ந்த பழையவர்களை ஓரங்கட்டுவதால் வருவது. எந்த வளைவில் மழைக்காலத்தில் மண் இறங்கும், எந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க மணல் தூவ வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். டாலிலின் சங்கம் பழைய நிர்வாகத்தில் மேலாளராக இருந்த எட்வர்ட் தாமஸைத் தன்னோடு வைத்துக்கொண்டது. காரிஸிலிருந்து வந்த இரண்டாவது எஞ்சினை லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் நிறுவனம் கட்டணமின்றிப் பழுதுபார்த்துக் கொடுக்க, 1952இல் அது பாதைக்கு வந்தது. அந்த நான்காம் எண் எஞ்சினுக்குச் சங்கத்தார் இட்ட பெயர் எட்வர்ட் தாமஸ்.