பழைய டிவி நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளோடு பார்க்கப் போகிறீர்களா? அதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது

கோடை விடுமுறை விட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். செல்போனை டிவியோடு இணைத்துவிட்டால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் தாத்தாவோ ஆயாவோ இருந்தால் "எங்க காலத்துல வந்தது எதாச்சும் போடு" என்பார்கள். யூட்யூபில் எல்லாம் கிடக்கிறது: தூர்தர்ஷன் நாடகம், 1993-ல் சன் டிவி வந்த பிறகு வரிசை கட்டிய மெகா சீரியல்கள், காமெடித் தொகுப்புகள், சின்னப் பிள்ளைகள் ஆடிய டான்ஸ் போட்டிகள். ஆசையாகப் போடுவோம். ரெண்டாவது நிமிஷத்தில் ஒருத்தன் இன்னொருத்தனை நிறத்தைச் சொல்லித் திட்டி எட்டி உதைப்பான், ஐந்தாவது நிமிஷத்தில் புருஷன் பெண்டாட்டியை அறைவான், பின்னணி இசை அவன் பக்கமே நிற்கும், நாம் ரிமோட்டைத் தேடுவோம்.

அந்த நேரத்துக்குத்தான் இந்தக் குறிப்பு. எல்லாவற்றையும் மூட்டை கட்டு என்று சொல்ல மாட்டேன். "அந்தக் காலத்துல அப்படித்தான், யாருக்கும் தப்பாத் தெரியல" என்ற சமாதானத்தையும் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது பொய். கேலிக்கு ஆளானவனுக்கு அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. அவன் வீட்டில் டிவி இல்லை, இருந்தாலும் அவன் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். விதி கூட இருந்தது: 1994-ல் வந்த கேபிள் டிவி விதிகளில் 6-வது விதியைப் படித்துப் பாருங்கள். பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது, மொழியை வைத்தோ வட்டாரத்தை வைத்தோ ஒரு கூட்டத்தை இளக்காரமாகக் காட்டக் கூடாது, மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு பல வருஷம் நாம் என்னவெல்லாம் பார்த்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் வேலை, நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது. முழுசாக உட்கார வேண்டாம், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் போதும். சான்றிதழை நம்பி உட்காராதீர்கள். அந்தக் காலத்து யு சான்றிதழ்ப் படங்களில் இன்றைக்குப் பிள்ளைகள் முன்னால் போட முடியாத காட்சி எத்தனையோ இருக்கிறது. சீரியல்கள் சினிமா மாதிரி தணிக்கை வாரியத்துக்குப் போய் வருவதே கிடையாது. ஓடிடி தளங்களில் 2021 விதிகளுக்குப் பிறகு யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது போடுகிறார்கள், சினிமாவுக்கும் 2024-லிருந்து அதே பிரிவுகள் வந்துவிட்டன. அதையெல்லாம் யூட்யூபில் யாரோ ஏற்றிய பழைய கேசட் பதிவில் தேடினால் கிடைக்காது.

தனியாகப் பார்க்கும்போது ஒன்று புரியும். முழுப் படத்தைவிடக் காமெடித் தொகுப்பு மோசம். படத்தில் உதைக்கிறவன் கடைசியில் எங்காவது மாட்டி அவமானப்படுவான், கதை அவனோடு கொஞ்சமாவது கணக்குத் தீர்க்கும். தொகுப்பை வெட்டுகிறவர் உதையையும் வசவையும் மட்டும் எடுத்து ஒட்டிவிடுகிறார், அதனால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது அடி மட்டும்தான். அதனால் முடிந்தவரை முழு நிகழ்ச்சியாகப் போடுங்கள், அப்புறம் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்லதாகவே இருக்கலாம், அடுத்து தானாக ஓடுவதை யார் தேர்ந்தெடுத்தது?

அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் அதே அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். பழைய காமெடியில் தெலுங்கு வாடையோடு தமிழ் பேசுகிறவர் என்றால் ஏமாளி, மார்வாடி என்றால் கந்துவட்டி, கூர்க்கா என்றால் மண்டையில் ஒன்றும் இல்லாதவர். சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் அது எங்கோ இருக்கிற யாரோ. ஓசூரில் அது எதிர்வீட்டுப் பையன், ஒருவேளை உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் பெண்ணின் சிநேகிதி.

காட்டுவாசி நடனம் என்று ஒன்று வருமே, இலையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் கோடு போட்டு, அர்த்தமில்லாத சத்தம் எழுப்பிக்கொண்டு ஈட்டியைத் தூக்குவார்கள். சித்தேரி மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி மக்களும், அஞ்செட்டி பக்கத்து இருளர்களும் நம் தாலுகா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்கு நிற்கிறவர்கள், நம் பஸ்ஸில் வருகிறவர்கள். "இவங்கதான் அவங்கன்னு டிவி சொல்லுது, நீ பார்த்தவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே விஷயம் புரிந்துவிடும்.

எதைத் தாண்டிப் போகணும், எதை நிறுத்தணும்

சிகரெட்டுக்கு நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். 2012-லிருந்து டிவியில் எச்சரிக்கை போட்டுத்தான் காட்டுகிறார்கள், பிள்ளைகளே அந்த வாசகத்தை முணுமுணுக்கிறார்கள். பழைய உடை, பழைய சவடால், இதெல்லாமும் ஓடட்டும்.

சில இடங்களில் நிறுத்தி ஒரு வார்த்தை பேசலாம். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது அதில் முதலாவது. நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தக் கேலிக்கு ஆளாகிறவனின் நிறம்தான், ஆனாலும் அடிக்கிறவனோடு சேர்ந்து சிரிக்கும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 1975-ல்தான் ஃபேர் அண்ட் லவ்லி கிரீமும் விற்பனைக்கு வந்தது. 2020-ல் பெயரிலிருந்து அந்த 'ஃபேர்' போனது. நடுவில் நாற்பத்தைந்து வருஷம் நாடகத்துக்கு இடையில் விளம்பரமும் விளம்பரத்துக்கு இடையில் நாடகமுமாக ஒரே பாடத்தைத்தான் நடத்தின. இதைச் சொன்னால் பத்தாவது படிக்கிற பெண் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்கிற பாட்டு வந்தால் வீட்டில் இருக்கும் பையன்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அந்தப் பெண் எத்தனை தடவை வேண்டாம் என்று காட்டுகிறாள், வாயால், முகத்தால், நடையை வேகப்படுத்தி, எண்ணட்டும். பாட்டு முடிவதற்குள் அவர்களே நெளிவார்கள். 1998-லேயே தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்குக்குத் தனிச் சட்டம் வந்தாயிற்று, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013-லிருந்து நாடு முழுக்கக் குற்றம். அந்த ஹீரோ இன்றைக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் அதைச் செய்தால் மகளிர் காவல் நிலையத்தில்தான் பாட்டைத் தொடர வேண்டும்.

திக்கிப் பேசுவது, காது கேளாதது, கண் தெரியாதது இவற்றை வைத்து வரும் சிரிப்புக்கு உச்ச நீதிமன்றமே 2024-ல் ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறது. மாற்றுத்திறனை நாம் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்தார்கள். வீட்டுக்கும் அதுவே போதும். திருநங்கைகளைக் காட்டியதுமே சிரிப்பு இசை ஒலிக்கும் காட்சிகளுக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம்.

நிறுத்தாமல், பேசாமல், நேராகத் தாண்ட வேண்டியவை இரண்டு. ஒன்று, பாலியல் வன்முறையை மசாலாவாகக் காட்டி, கடைசியில் பஞ்சாயத்து கூடி "கெடுத்தவனே தாலி கட்டட்டும்" என்று தீர்ப்பு சொல்லும் கதை. நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி அரசு அதிகாரிகள் கூட்டமாகப் புகுந்தார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் வழக்கை விடவே இல்லை. 2011-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்கள் கோர்ட் படி ஏறி இறங்கிய அதே வருஷங்களில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஊரே கூடி அந்தத் தாலித் தீர்ப்புக்குக் கை தட்டியது. யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை என்று இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

இரண்டாவது, நிஜ மனிதர்களை உட்கார வைத்து அழ வைத்த பஞ்சாயத்து நிகழ்ச்சிகள். கதை என்றால் நடிகை வீட்டுக்குப் போய்விடுவார். இதில் வருகிறவர் பக்கத்துத் தாலுகாவில் இருப்பார். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போன பெண்ணை முகம் தெரியக் காட்டி, யாரோடு போனாய், ஏன் போனாய் என்று கேமரா முன்னால் கேட்டார்கள், இன்றைக்கு அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கலாம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க அதிகாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற மாவட்டங்கள் இவை, அதனால் அந்தக் கதைகள் நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதையே தடுக்கிறது. அந்தத் துணுக்கு மீம் வடிவில் வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பாதீர்கள், நல்ல எண்ணத்தோடு கூட வேண்டாம். அதில் இருப்பது உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், தனியுரிமைப் புகார் கொடுத்து எடுக்கச் சொல்ல யூட்யூபில் வழி இருக்கிறது என்று அவர்களிடம் மட்டும் காதோடு சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் பாட்டுக்கு ஆட விட்ட போட்டிகளும் கிட்டத்தட்ட இதே ரகம். 2019-ல் மத்திய அரசே சேனல்களுக்கு இதைக் குறித்து அறிவுறுத்தல் அனுப்பியது.

கார்ட்டூன் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். டாம் அண்ட் ஜெர்ரியின் 1940-களின் பகுதிகளில் முகம் காட்டாமல் காலும் செருப்புமாக வரும் கறுப்பின வேலைக்காரப் பெண்ணைப் பாருங்கள், வெடி வெடித்ததும் டாமின் முகம் கறுத்து உதடு தடிப்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் அதை வெட்டி எறிவதா, வைத்துக்கொண்டு எச்சரிப்பதா என்று பல காலமாகச் சண்டை. டிஸ்னி 2020-ல் தன் பழைய படங்களுக்கு முன்னால், இந்தச் சித்தரிப்புகள் அன்றும் தவறு இன்றும் தவறு என்று எழுதியே காட்ட ஆரம்பித்தது. எனக்கு அந்த வழி பிடிக்கும். நம் சேனல்கள் நடுவில் ஒரு 'பீப்' போடுகிறார்கள், அதுவரை கவனிக்காத பிள்ளை கூட "என்ன சொன்னாங்க?" என்று கேட்கும்.

பேசுவது எப்படி என்றால், சுருக்கமாக. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தடவைக்கு மேல் நிறுத்தினால் அடுத்த நாள் பிள்ளைகள் உங்களைக் கூப்பிடாமலே பார்க்கும். பிரசங்கம் வேண்டாம், "இப்ப எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?" என்ற ஒரே கேள்வி நிறைய வேலை செய்யும். பெரியவர்களிடம் கேளுங்கள், அது இன்னும் நல்லது. மெட்டி ஒலி சீரியல் 2002-லிருந்து 2005 வரை ஓடியபோது, அதாவது குடும்ப வன்முறைச் சட்டம் 2006-ல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, மாமியார் கொடுமை வரும் காட்சியில் நம் தெருப் பெண்கள் சும்மாவா இருந்தார்கள்? களி கிண்டுகிற துடுப்போடு வந்து நின்று டிவியைத் திட்டினார்கள். 2020 ஊரடங்கில் அது மறுபடி ஓடியபோது பேத்திகள் திட்டினார்கள். "ஆயா, அப்ப உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்க வையுங்கள். சில ஆயாக்கள் சிரித்து மழுப்புவார்கள், சிலர் ரொம்ப நேரம் பேசுவார்கள். இப்படிப் பேச்சு வரும்போது பிள்ளை தனக்கு நடந்த எதையாவது சொன்னால் நிகழ்ச்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181.

தாத்தாவுக்குக் கோபம் வரும், "இப்ப எதுக்கெடுத்தாலும் தப்புங்கறீங்க" என்பார். சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குத் தெருக்கூத்து தெரியும். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேச்சை அவிழ்ப்பான், பெண்டு பிள்ளைகள் தூங்கிய பிறகு வரும் பேச்சு வேறு. நாமும் முன்வரிசையைப் பார்க்கிறோம், அவ்வளவுதான் என்றால் ஒத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியதை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போட்டுக் கொடுங்கள்.

கடைசியாகப் பள்ளி ஆண்டு விழா. ஜனவரி, பிப்ரவரியில் நம் மாவட்டப் பள்ளி மேடைகளில் பழைய காமெடியை அப்படியே நடித்துக் காட்டுவது இன்னும் நடக்கிறது. உதை வாங்குகிற வேஷத்துக்கு வகுப்பிலேயே கறுப்பான பையனையும், குண்டான பெண்ணையும்தான் எடுப்பார்கள், அவர்களும் மேடை கிடைத்ததே என்று ஒத்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளை அதில் இருந்தால் ஒத்திகைக்கு முன்னாலேயே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, எந்தக் காட்சி, யாருக்கு என்ன வேஷம் என்று கேளுங்கள். வேஷங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள், நிறத்தையும் உடம்பையும் சொல்லும் வசனங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த பிறகு காட்சியில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் வேறு காட்சி தேடச் சொல்லுங்கள், டிசம்பரில் போய்ச் சொன்னால் அதற்கு நேரம் இருக்கும்.