எல்லையோரக் கல்லூரி வானொலிக்கு வரலாறு எழுதுவது எப்படி

ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்கிறது கல்லூரி வானொலிக்கும் பொருந்தும் சமூக வானொலி விதி. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிடுவார்கள். நடத்திய மாணவர்களும் மூன்று வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். அதனால் முதலில் தேட வேண்டியது டூட்டி நோட்டுதான். யார் எத்தனை மணிக்கு ஒலிபரப்பைத் தொடங்கினார், எப்போது கரண்ட் போனது, எந்த மழையில் ஆன்டெனா கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியது எல்லாம் அதில் இருக்கும். விழா மலரில் இருக்காது.

தேதியில்தான் அதிகம் தவறுவார்கள். அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், அலைவரிசை உரிமம், சோதனை ஒலிபரப்பு, திறப்பு விழா ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி உண்டு, தனித்தனியாகவே எழுதுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வழி திறந்தது 2002 டிசம்பரில். நாட்டின் முதல் வளாக சமூக வானொலியான அண்ணா எஃப்எம் வந்தது 2004 பிப்ரவரி 1 அன்று. உங்கள் கல்லூரியில் 1998-லேயே ரேடியோ இருந்தது என்று யாராவது சொன்னால், அது ஒலிபெருக்கியாக இருந்திருக்கும். அதையும் விடாதீர்கள், ஆனால் ஒலிபெருக்கி என்றே எழுதுங்கள்.

'100 வாட் நிலையம்' என்று மலரில் இருந்தால் டிரான்ஸ்மிட்டரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பெரும்பாலும் 50 வாட்தான் இருக்கும். 100 என்பது ஆன்டெனா கூட்டித்தரும் பலத்தையும் சேர்த்த உச்சவரம்பு.

இனி பழைய குரல்கள் பதிந்த கேசட். செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்து ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட் ஜன்னல் வழியே பாருங்கள். சுற்றின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி இரண்டு வாரம் உலர்த்துங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடையுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஹெட் பக்கத்தில் அதன் சாய்வைச் சரிசெய்யும் அசிமுத் ஸ்குரூவை மெல்லத் திருப்பினால் 'ஸ', 'ச' தெளியும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்திருந்தாலும் ஒலி இப்படித்தான் மங்கும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் (WAV) கோப்பாகக் கணினியில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி வரும். மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று கல்லூரிக்கு வெளியே இருக்கட்டும்.

பேட்டியை எழுத்தாக்கும்போது 'மரச்சீனி' என்றால் மரச்சீனிதான். மரவள்ளி என்று திருத்தாதீர்கள். மலையாளம் கலந்து பேசினாலும் கலந்தபடியே வரட்டும்.

கடைசியாக, 'பத்து கிலோமீட்டர் கேட்டது' என்பதைக் காதால் சோதியுங்கள். சின்ன ரேடியோவோடு கேரள எல்லையிலுள்ள புளியரை வழியாக மலையேறுங்கள். எஃப்எம் அலை மலையைத் தாண்டாது. குரல் எந்தக் கிலோமீட்டர் கல்லருகே அறுந்தது என்று தேதியோடு குறித்து, வரைபடத்தில் புள்ளி வையுங்கள்.