கொறங்காட்டுப் பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது எப்படி?

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் நிற்க விட்டு, தலைமுறைகளாக மாடு மேய்த்துவரும் மானாவாரி நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். அங்கே எருது பூட்டிக் கவலையால் கிணற்று நீர் இறைத்த கடைசித் தலைமுறையினர் இப்போது எண்பதை ஒட்டியோ கடந்தோ இருப்பதால், அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதல் முறை போகும்போது கைப்பேசியை வெளியே எடுக்காமல், தொண்டுப்பட்டியில், அதாவது மாடு அடைக்கும் பட்டியில், நிற்கும் மாடுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

2. அடுத்த முறை, பதிவை யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி, சம்மதத்தையும் குரலிலேயே பதியுங்கள். பங்காளித் தகராறும் வேலித் தகராறும் பேச்சில் தவறாமல் வரும். அவற்றை வைத்துக்கொள்ளலாமா என்று தனியாகக் கேட்டுவிடுங்கள்.

3. ஆடி மாதத்தில் வேப்பமரத்தடியில் நான் செய்த முதல் பதிவில் நாற்பது நிமிடமும் காற்றுதான் பேசியது. ஆகவே சுவர் மறைவில் உட்கார்ந்து, கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் ஒரு முழத் தொலைவில் வையுங்கள்.

4. “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “கஷ்டந்தானுங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “கண்ணபுரம் சந்தையில் நீங்கள் முதன்முதலாக வாங்கிய மாடு எது?” என்று கேட்டுப் பாருங்கள், நடந்துபோன வழி, தரகர், சுழி பார்த்தது, பல் பார்த்தது எல்லாம் தாமாகவே வரும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியதை அவர் உங்கள் கையைப் பிடித்தே காட்டும்போது, எந்த விரலைப் பிடிக்கிறார் என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. நிறத்திலும் கவனம் தேவை: காங்கேயம் கன்று செம்மை நிறத்தில் பிறந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுவது வழக்கம் என்பதால், அவர் சொல்லும் செவலைக் கன்று வளர்ந்தபின் சாம்பல் நிற மயிலையாக நின்றிருக்கலாம்.

5. ஆண்டுகளைத் தமிழ் வருஷப் பெயரால் சொன்னால், அறுபது ஆண்டுச் சுற்றை நினைவில் கொள்ளுங்கள். தாது வருஷத்தில் பிறந்ததாகச் சொல்பவர் 1936–37இல் பிறந்தவர். அவரே தாது வருஷப் பஞ்சம் என்றால் அது 1876இல் தொடங்கிய பஞ்சம், பாட்டன் வழியாகக் கேட்ட கதை.

6. அன்றிரவே எழுதத் தொடங்குங்கள். “வந்தாங்”, “போனனுங்” என்ற பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். எழுதியதை அவர் திண்ணையிலேயே வாசித்துக் காட்டுங்கள், அப்போதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே மோர் கடைந்துகொண்டிருந்த ஆத்தா, “அது மாடில்லீங் கண்ணு, கிடாரி” என்று அங்கிருந்தே திருத்துவார். அடுத்த பதிவை அவரிடம் தொடங்குங்கள்.