பாதியில் விடாமல் குடும்ப வரலாறு தேடுவது எப்படி?

குடும்ப வரலாறு எழுதப் போகிறேன் என்று நான் மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றும் சில பக்கங்களோடு நின்றுபோயின. காரணம் சோம்பல் இல்லை. எடுத்த எடுப்பில் ஏழு தலைமுறையையும் பிடித்துவிட நினைத்ததுதான். நாலாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மாற்றிக்கொண்டவை இவை.

1. ஒரே ஒரு கேள்வி

முதல் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள். ‘பாட்டி பிறந்த ஊர் எது?’ போதும். அதற்கு விடை கிடைத்த பிறகுதான் அடுத்த கேள்வி. ‘எங்கள் வம்சம்’ என்று தலைப்புப் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

2. பரணில் ஏறுங்கள்

அலுவலகங்களுக்கு அலைவதற்கு முன் வீட்டைத் துழாவுங்கள். சீதனமாக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. புளி போட்டுத் தேய்த்தபோது ஓர் ஊர்ப் பெயர் வந்தது. தாத்தா ஊர் இல்லை, பாட்டியின் தாய்மாமன் ஊர். அதுவரை அப்படி ஒரு கிளை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு சாயங்காலம் என்னை ஆறு மாதம் ஓட்டியது.

அப்புறம் மொய் நோட்டு. பெயரோடு ஊரும் இருக்கும், சில சமயம் இன்னார் மகன் என்பதும் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

3. பெரியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள்

“எந்த வருஷம் பிறந்தீங்க அத்தை?” என்றால் “யாருக்குத் தெரியும்” என்பார்கள். “தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். புயல் அடித்தது 1964 டிசம்பர். கணக்கு தானாக வந்துவிடும்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது. சித்திரபானு என்றால் 1942-43. ஆனால் அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும், 1882-83ம் சித்திரபானுதான். அதனால் கூடவே ஒரு சம்பவத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குண்டு விழும் என்று பயந்து சனங்கள் மெட்ராஸைக் காலி செய்து ஓடிய சமயம் என்றால், அது 1942 தான்.

பூண்டு உரிக்கும் நேரம், வெற்றிலை போடும் நேரம் பார்த்துப் போங்கள். கைக்கு வேலை இருந்தால் பேச்சு வரும். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்; பத்திரம் காத்திருக்கும், அத்தை காத்திருக்க மாட்டார்.

4. முட்டிக்கொண்டால் பக்கத்துக் கதவு

உற்சாகம் வடிவது இங்கேதான். ஓர் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தேன், நாலு தடவையும் “அடுத்த வாரம் வாங்க”. சரி என்று அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்த பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து, நான்கெல்லையைப் படித்தேன். வடக்கே யார் நிலம், கிழக்கே யார் நிலம் என்று போட்டிருந்தது. அதில் இரண்டு பேர் எங்கள் பங்காளிகள்!

ஒரு எச்சரிக்கை: பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். முத்தையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்தையா என்று மாறி மாறி வரும். அப்பா பெயரோடு சேர்த்து எழுதாவிட்டால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். நானே ஒருவரை அவருடைய பேரன் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக்கியிருக்கிறேன்.

கிடைக்காததையும் தேதி போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே இடத்தில் இரண்டாம் முறை தேடுவீர்கள்.

5. மாதம் ஒன்றைக் காட்டுங்கள்

குடும்ப வாட்ஸப் குழுவில் மாதம் ஒரு பழைய போட்டோ போடுங்கள். “இது யார்?” என்று கேட்டால் பதில் வராது. தப்பான பெயரோடு போடுங்கள், திருத்துவதற்கு நாலு சித்தப்பா ஓடி வருவார்கள்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் குடும்பம் என்றால் உங்களுக்கு யோகம்தான். வரைந்த வம்சாவளியைப் பெரிய தாளில் எடுத்துப் போய் மரத்தடியில் விரியுங்கள். பேனா மட்டும் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை வாங்கியவர் திருப்பித் தர மாட்டார்.