விசாகப்பட்டினத்தில் முதல் வாரம்: அரக்கு ஒரு நாள் வேலை இல்லை

டிசம்பர் நெருங்கினால் போன் வர ஆரம்பித்துவிடும். "ஒரு வாரம் லீவு, வைசாக் வர்றோம். பிளான் அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லு." வேலைக்காக இங்கே குடியேறிய எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த அழைப்புகள் பழக்கம்தான். வாட்ஸாப்பில் வந்த பட்டியலைத் திறந்தால், வந்த புதிதில் நாங்கள் போட்ட அதே பட்டியல். அதே வரிசை, அதே அவசரம்.

தொப்பி எடுத்து வாருங்கள், ஓட்டலை முன்பதிவு செய்யுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

அரக்கை ஒரே நாளில் முடிப்பது

எல்லாப் பட்டியலிலும் மூன்றாம் நாளுக்கு நேராக "அரக்கு - ஃபுல் டே" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணக்கைப் பாருங்கள். நகரத்திலிருந்து அரக்கு என்னும் மலைப் பள்ளத்தாக்கு சுமார் 115 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஆனால் சிருங்கவரப்புகோட்டையைத் தாண்டியதும் மலைப்பாதை. காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் நான்கு மணி நேரம். போக வர ஏழு, எட்டு மணி நேரம் உட்கார்ந்தே கழியும். மிச்ச நேரத்தில் பழங்குடியினர் அருங்காட்சியகம், பத்மாபுரம் தோட்டம், மூங்கில் சிக்கன், காலிகொண்டா வியூ பாயின்ட், காபித் தோட்டம், போரா குகை. இத்தனையையும் அடைத்துவிட முடியும் என்று நினைக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து என் சித்தி மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். சொல்லிப் பார்த்தேன். "அக்கா, டூர்லயே எல்லாம் கவர் ஆகுது, போறது ரயில், வர்றது பஸ்" என்றான். சரி, போய்வரட்டும் என்று விட்டுவிட்டேன். ரயில் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடும். அவன் எடுத்திருந்த அறையோ ருஷிகொண்டா கடற்கரையில், ஸ்டேஷனிலிருந்து நல்ல தூரம். நாலரைக்கு எழுந்து, தூங்கி வழியும் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி, காலைச் சாப்பாடு இல்லாமல் ஓடினார்கள். ஓட்டலில் காலை உணவுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தான்.

அந்த ரயில் பாதை சத்தீஸ்கரின் பைலாடிலா இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960-களில் போட்டது. தாது ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் இந்தப் பாதை வந்தது. இன்றும் அது சரக்கு வண்டிகளின் ராஜ்ஜியம்தான். பயணிகள் வண்டி ஏதாவது ஒரு மலை ஸ்டேஷனில் ஓரமாக நின்று வழிவிடுவது சகஜம். சுரங்கம் சுரங்கமாக ஏறி, கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டரில் இருக்கும் சிமிலிகுடாவைத் தாண்டி அரக்கில் இறங்கும்போது பாதி நாள் போயிருக்கும்.

அப்புறம் நடந்தது எல்லா ஒரு நாள் டூரிலும் நடப்பதுதான். அருங்காட்சியகத்தில் அரை மணி, தோட்டத்தில் அரை மணி, சாப்பாட்டுக்கு வரிசை. காலிகொண்டாவில் பஸ் நின்றபோது மேகம் மூடியிருந்தது. போரா குகைக்குப் போய்ச் சேர்ந்தது மூடும் நேரத்தில். படிகளைப் பார்த்துவிட்டுச் சித்தி பஸ்ஸிலேயே இருந்துகொண்டார். மற்றவர்களை வழிகாட்டி "சலோ, சலோ" என்று விரட்டினார். இருட்டில் மலை இறங்கும்போது சின்னவள் வாந்தி. அறைக்கு வந்தபோது இரவு பத்து மணி. மறுநாள் யாரும் எழுந்திருக்கவில்லை, கைலாசகிரி மலைப் பூங்காவுக்கு வைத்திருந்த நாள் தூக்கத்தில் போயிற்று. ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் காலி.

இது கூடப் பரவாயில்லை. ஊருக்குப் போனதும் அவன் எல்லோரிடமும் சொன்னது: "அரக்குல அப்படி ஒண்ணும் இல்லை." அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்த மலையிலும் ஒன்றும் இருக்காது.

போரா குகைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் இறங்கி இறங்கி உண்டான குகை அது. மேலே கூரையில் ஒரு பெரிய ஓட்டை, அதன் வழியாகப் பகல் வெளிச்சம் கொட்டும். அதைத் தாண்டி உள்ளே போனால் வண்ண விளக்குகள், வௌவால் வாடை, மேலிருந்தும் கீழிருந்தும் வளர்ந்து ஒன்றையொன்று தொட நிற்கும் கல் விழுதுகள். நீங்கள் வந்த ரயில் பாதை இந்தக் குகைக்கு மேலேதான் ஓடுகிறது. இதையெல்லாம் நின்று பார்க்கக் காலையில், குகை திறக்கும் நேரத்துக்கே போக வேண்டும். மாலை நாலரைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை.

ஆகவே அரக்கில் இரண்டு இரவு. வார நாளில் ரயிலில் ஏறுங்கள், அன்று வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலையில் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. டிசம்பரில் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருக்கும். அரக்கு அராபிகாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்தில் நின்று குடிப்பதற்கும் பஸ் நிறுத்தத்தில் பேப்பர் கப்பில் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மூன்றாம் நாள் காலை கார் பிடித்து, மூட்டை முடிச்சோடு கிளம்பி, வழியில் போராவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாலைக்குள் நகரம். அந்த இரண்டு இரவுக்கு நகரத்தில் அறை வைத்துக்கொள்ளாதீர்கள், வீண் வாடகை.

கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி 2017-இலிருந்து ஓடுகிறது. டிக்கெட் 60 நாளுக்கு முன்பு திறக்கும், குளிர்காலத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்று பயணத்தை மாற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாம். சாதாரணப் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கும். ஏசி கண்ணாடிக்குப் பின்னால் மலை வாசனை வராது.

லம்பசிங்கியையும் "அப்படியே" சேர்த்துக்கொள்வது

லம்பசிங்கி பனிமூட்டத்துக்குப் பேர்போன மலைக் கிராமம், ஆனால் அது வேறு பாதை. பனிமூட்டம் விடியற்காலையில்தான், அதனால் முந்தைய இரவே அங்கே இருக்க வேண்டும். முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

சிம்மாசலத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது

வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள்ளேயே இருப்பார். நிஜரூப தரிசனம் அட்சய திருதியை அன்று ஒரு நாள் மட்டும். கூட்டத்தில் நசுங்கத் தயார் என்றால் அன்று வாருங்கள். மற்ற நாட்களில் உருவம் தெரியவில்லையே என்று ஏமாற வேண்டாம், இங்கே அப்படித்தான்.

நம்மவர்கள் சாமி கும்பிட்டதும் பிரசாதக் கவுண்டருக்கு ஓடிவிடுகிறார்கள். முதலாம் குலோத்துங்கனின் 1098-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. சோழன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான், நாம் சுவரை ஏறிட்டாவது பார்க்கலாம். மண்டபத் தூண்களுக்கும் நேரம் கொடுங்கள். சனி, ஞாயிறு தவிர ஒரு நாள் அரை நாளை இதற்கு வையுங்கள்.

திங்கட்கிழமை நீர்மூழ்கிக்குப் போவது

பூட்டியிருக்கும். ஐஎன்எஸ் குர்சுரா 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்றது. சோவியத்தில் கட்டியது. அடுத்த ஆண்டே கரைக்கு இழுத்து வந்து அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு வட்டமான துவாரத்துக்குள் குனிந்து, காலைத் தூக்கி வைத்துப் போக வேண்டும். முட்டி வலி உள்ளவர்களை எதிரே இருக்கும் டியு-142 விமானத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆர்.கே. பீச்சில் குளிப்பது

கால் நனைக்கலாம். அவ்வளவுதான்.

எந்த ஸ்டேஷன் என்று பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

சென்னையிலிருந்து வடக்கே போகும் எல்லா வண்டியும் விசாகப்பட்டினம் ஸ்டேஷனுக்குள் வருவதில்லை. உள்ளே வந்தால் இன்ஜினை மாற்றித் திரும்பிப் போக வேண்டும் என்பதால் சில வண்டிகள் நகரத்துக்கு வெளியே இருக்கும் துவ்வாடா ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ஒதுங்கிப் போய்விடும். நடு இரவில் அங்கே இறங்கி நகரத்துக்கு ஆட்டோ பேசுவது ஒரு தனி அனுபவம்.

அக்டோபரில் வருவது

புயல் மாதம். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் இந்த நகரத்தின் மேலேயே கரையைக் கடந்தது. புயல் வராவிட்டாலும், பலத்த மழையில் மலை ரயில் பாதையில் பாறை சரிந்தால் அரக்கு வண்டி ரத்து. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம்.

பீமிலி சாலையை செல்ஃபிக்கு மட்டும் வைத்துக்கொள்வது

நகரத்திலிருந்து பீமுனிப்பட்டினம் (சுருக்கமாக பீமிலி) வரை கடலை ஒட்டியே போகும் சாலை. எல்லோரும் ருஷிகொண்டாவில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் போனால் தொட்லகொண்டா. குன்றின் மேல் பௌத்த விகாரையின் இடிபாடுகள், பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள், கீழே கடல். நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள். அதையும் தாண்டினால் பீமிலியில் டச்சுக்காரர்களின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள்.

இந்த நாளை அரக்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்பு வேண்டாம். போரா குகைக்குள் கசிந்து ஓடும் கோஸ்தனி ஆறு கடலில் சேருவது பீமிலியில்தான். மேலே பார்த்துவிட்டு வந்தால்தான் கீழே அந்த முகத்துவாரத்தில் பார்க்க ஏதாவது இருக்கும்.

கடைசி நாளைக் கடைகளுக்கு விட்டுவிடுவது

மாடுகுல அல்வாவும் அரக்கு காபித்தூளும் வாங்க ஒரு மணி நேரம் போதும். இரவு வண்டி என்றால் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள், ஏலம் பார்க்கலாம். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது வந்தால் தூங்குங்கள்.