நாகர்கோவிலுக்குள் வாடகை வீடு தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவிலில் வீடு தேடுகிறவர்கள் வடசேரி, வேப்பமூடு, மீனாட்சிபுரம் என்று மூன்று பெயரைச் சொல்லி, "மெயின் ரோட்டுப் பக்கம், ஆனா வாடகை கம்மியா" என்பார்கள். கடைக்கு விட்டால் கூடுதல் கிடைக்கும் கட்டடத்துக்கு வீட்டுக்காரர் எதற்காக வாடகையைக் குறைக்கப்போகிறார்? அதே தெருவில் உள்ளே தள்ளி, கார் நுழையாத சந்துகளில் பாருங்கள். பைக் மட்டும் வைத்திருப்பவருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. இந்தச் சந்து வீடுகள் பல புரோக்கர் கைக்கே வருவதில்லை. பலசரக்குக் கடையிலும் தேய்ப்புக் கடையிலும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தகவல் தானாக வரும். ஜூனில் பள்ளி திறப்பதால் மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் அலைவார்கள். பேரம் பேச வழியிருக்காது. முடிந்தால் மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆனால் மார்ச் வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள், ஈரத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் அப்படி அடிப்பார்கள். சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஏறித் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டு வீடென்றால் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மரங்களில் ஒழுகிய கறுப்புத் தடம் தெரியும். ஒழுகினசேரி போலப் பழையாற்றை ஒட்டிய பகுதி என்றால், 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "இங்க ஏறவே ஏறாது" என்றுதான் சொல்வார்.

குறைந்த வாடகை என்று நம்பிப்போய் கரண்ட் பில்லில் மாட்டிக்கொள்வதும் உண்டு. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும். மாடியும் கீழும் ஒரே மீட்டரில் ஓடினால் அந்த 500-ஐத் தாண்டுவது சுலபம். தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, மோட்டார் ஓடுகிற கரண்ட் யார் கணக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோடையில் கிணறு வற்றுமா, குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாதம் நாலு லாரித் தண்ணீர் வாங்கினால் வாடகை குறைந்ததில் என்ன லாபம்?

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது இன்னொரு விஷயத்தில். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், சாவி மச்சானிடமோ சித்தப்பாவிடமோ இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டு கூட வாங்காமல் வராதீர்கள். வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் யார் பெயரில் என்று பாருங்கள். உரிமையாளரோடு வீடியோ காலில் ஒருமுறை பேசி, பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். சாவிக்காரர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார் என்றால் அவரிடம் பவர் பத்திரம் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை ஆணையத்தில் அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். குடியேறும் நாளில் சுவர் விரிசல், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் காலி செய்யும்போது சண்டை வராது.

வடிவீஸ்வரம் பக்கம் சில வீடுகளில் சைவம் மட்டும் என்பார்கள். மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர்கள் அதை மறைத்துக் குடிபோக வேண்டாம், முதல் வாரமே வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கும் ஒத்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மொத்தமாக லட்சக்கணக்கில் கொடுத்த பிறகு, வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருப்பது தெரிந்தால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்கள் வங்கிக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். வீட்டின் மேல் கடன், அடமானம் என்று வில்லங்கம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்த பிறகு, ஒத்திப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பதிவுச் செலவு வேண்டாம், வெள்ளைத்தாளே போதும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால் வேறு வீடு பாருங்கள்.