ஊரும் போலீஸும் சேர்ந்து வேலை செய்யும்போது டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு, வெட்டாறு, அப்புறம் கிளை வாய்க்கால்கள் என்று ஓடிக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ மதகுகளைத் தாண்ட வேண்டும். வர வேண்டிய நாளில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்காவிட்டால், மேலே யாரோ ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பும். இரண்டு ஊர்க்காரர்கள் மதகடியில் மண்வெட்டியோடு நிற்பார்கள். யாராவது 100-க்குப் போன் போடுவார்கள். எஸ்.ஐ. ஜீப்பில் வந்து சத்தம் போட்டதும் கூட்டம் கலையும். நாலு நாள் கழித்து அதே மதகில் அதே சண்டை.

இதில் அந்த எஸ்.ஐ.யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மதகை எத்தனை அடி தூக்க வேண்டும், இன்றைக்கு யாருக்கு முறை என்பது அவருக்குத் தெரியாது. அது மதகைத் திறந்து மூடும் நீர்வளத்துறை ஊழியரான லஸ்கருக்கும் அவருக்கு மேலே இருக்கும் உதவிப் பொறியாளருக்கும் தெரியும். தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் அமைதி கெடும் என்றால், விசாரித்து உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு, பெரும்பாலும் கோட்டாட்சியருக்கு, இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 147. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 166. ஆக, போலீஸை மட்டும் கூப்பிடுவதுதான் முதல் தவறு. லஸ்கரும் வருவாய் ஆய்வாளரும் எஸ்.ஐ.யும் ஒரே நேரத்தில் மதகடியில் நின்று, எந்தெந்த நாள் எந்த ஊருக்கு, சாவி யாரிடம், மீறினால் யாரிடம் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு ஊரிலும் கையெழுத்து வாங்கினால் அந்தப் பருவம் ஓடிவிடும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பேசியது அத்தனையும் காற்றோடு போய்விடும்.

டெல்டாவில் ஊரும் அரசுத் துறைகளும் சேர்ந்து எடுக்கும் பல முயற்சிகள் தோற்பதற்கு, மனம் இல்லாதது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் என்ன செய்வது என்று எழுதி வைக்காததும், பேச வேண்டியவர்களைக் கூப்பிடாததும்தான் காரணம்.

பிரமுகர்களைக் கூப்பிட்டால் ஊரையே கூப்பிட்டதாக நினைப்பது

சமாதானக் கூட்டம் என்றால் தாலுகா அலுவலகத்தில் வேலை நாளில் காலை 11 மணிக்கு வைப்பார்கள். ஊராட்சி மன்றத் தலைவர், கட்சிக் கிளைச் செயலாளர்கள், வர்த்தகர் சங்கம், கோயில் தர்மகர்த்தா எல்லாம் வருவார்கள். நடவுக் காலத்தில் அந்த நேரத்துக்கு விவசாயக் கூலிப் பெண்கள் சேற்றில் நிற்பார்கள். காரைக்காலில் இருந்து வரும் மதுச் சரக்கு எந்த வீட்டுப் பின்பக்கம் இறங்குகிறது, எந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் அங்கே நிற்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை.

கடற்கரையிலும் இதே கதைதான். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் 2000-ம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் 2021-ல் மயிலாடுதுறை, நாகைக் கடலோரத்தில் அந்த வலை வேண்டும் என்ற ஊர்களும் வேண்டாம் என்ற ஊர்களும் எதிரெதிராக நின்றன. பேச்சுவார்த்தைக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் வந்தார்கள். அவர்கள் வருவது சரிதான், கடற்கரையில் அவர்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் கூடையில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கும் பெண்களின் பிழைப்பும் அந்த முடிவில்தான் அடங்கியிருக்கிறது. அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.

இதில் டெல்டாவுக்கென்று ஒரு பழைய காயம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த நினைவு இன்னமும் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருகிறது. ஊரும் காவல்துறையும் கைகோர்த்துச் செயல்படும் என்று மேடையில் அறிவித்தால் காலனித் தெருவில் எல்லோரும் கைதட்டிவிட மாட்டார்கள். அந்தத் தயக்கத்தை ஒத்துழையாமை என்று முத்திரை குத்துவது பெரிய தவறு. நம்பிக்கை வர வேண்டுமானால் கூட்டத்தை ஒரு தடவையாவது மாலை 6 மணிக்கு அந்தத் தெருவிலேயே நடத்த வேண்டும்.

இதற்குச் சட்டமே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ம் ஆண்டு விதிகளின்படி, ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். புதுக் குழு அமைக்கக் கோரிக்கை வைப்பதற்கு முன், இருக்கும் குழுவைக் கூட வைப்பது முக்கியம்.

பேசித் தீர்க்கக் கூடாததைப் பேசித் தீர்ப்பது

வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், அண்ணன் தம்பிச் சண்டை இதெல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்தால் நல்லது. சட்டமும் அதை விரும்புகிறது. சமரசமாக முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியல் அந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 359-ல் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் இருக்கிறது.

குழந்தையிடம் நடந்த பாலியல் குற்றத்துக்கு இது எதுவும் பொருந்தாது. ஆனால் பல ஊர்களில் அதற்குத்தான் அவசர அவசரமாகப் பஞ்சாயத்து கூடுகிறது. "பொண்ணு வாழ்க்கை வீணாப் போயிடும்" என்பார்கள். ஒரு தொகை பேசுவார்கள். "எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கி ஸ்டேஷனில் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் பிரிவு 19-ன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை. பள்ளி போன்ற ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பஞ்சாயத்தில் உட்கார்ந்த பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து அவர்களே குற்றத்துக்குள் காலை வைக்கிறார்கள்.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையம் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அந்தக் குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, சீருடையில்லாமல் வாங்க வேண்டும். ஊரில் ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ இதைத் தெரிந்து வைத்திருந்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு முதல் அழைப்பு செய்தாலே பாதி அழுத்தம் குறைந்துவிடும். அந்தக் குடும்பம் அதன் பிறகு ஊர்ப் பெரியவர்களை எதிர்த்து நிற்கத் தனியாக இருக்காது.

இன்னொன்று, புகார் கொடுத்ததும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தகவல் சொன்னவர் பெயரைக் காட்டிக் கொடுப்பது

கொள்ளிடத்தில் இரவில் மணல் அள்ளுகிறார்கள் என்று ஒருவர் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறார் என்று வையுங்கள். மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, வருவாய் ஆய்வாளருக்கு, விஏஓவுக்கு இறங்கும். ஒரு நகல் கனிம வளத்துறைக்கும் இன்னொன்று ஸ்டேஷனுக்கும் போகும். ஒவ்வொரு மேஜையிலும் மனுதாரரின் பெயரும் செல்போன் நம்பரும் மேலேயே இருக்கும். விசாரணை என்று டிப்பர் முதலாளியைக் கூப்பிட்டு அந்த மனுவையே படித்துக் காட்டுபவர்களும் உண்டு. அன்று இரவே மனு கொடுத்தவர் வீட்டு வாசலில் பைக் நிற்கும்.

இது வெறும் பயம் இல்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலை எதிர்த்துப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்தக் கதி என்றால் சாதாரண ஆள் என்ன செய்வார்? துறைகள் ஒன்றோடொன்று தகவல் பகிரும்போது, மனுவின் உள்ளடக்கம் மட்டும் போக வேண்டும், பெயர் ஒரு அதிகாரியிடம் மட்டும் தங்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், மனுவின் மேல் பகுதியை மறைத்து ஜெராக்ஸ் எடுத்தால் போதும். மிரட்டல் வந்தால், உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

மணல் விஷயத்தில் இன்னொரு சாக்கு, "இது மைன்ஸ் கேஸ், நாங்கள் தொட முடியாது" என்பது. கனிமச் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் வழக்கு நடக்க அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆற்று மணல் அரசின் சொத்து, அதை அள்ளுவது திருட்டும்கூட, அதற்குப் போலீஸ் தானே வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு யாரும் திரும்பி வர வேண்டியதில்லை.

தன்னார்வலர் கையில் லத்தியைக் கொடுப்பது

ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. மக்களையும் போலீஸையும் நெருங்க வைக்கும் நல்ல எண்ணம்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அங்கே இந்தக் குழுவினர் மேலும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. தன்னார்வலரின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

திருவிழாக் கூட்டத்தில் வழிகாட்டுவது, காணாமல் போன குழந்தையைத் தேடுவது, வெள்ளத்தில் படகு தள்ளுவது, இதற்கெல்லாம் இளைஞர்கள் தாராளமாக வரட்டும். ராத்திரி ரோட்டில் வண்டியை மறித்து ஆர்.சி. புக் கேட்பதும் ஒருவரை ஸ்டேஷனுக்குள் வைத்து விசாரிப்பதும் அவர்கள் வேலை இல்லை. கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் தனி ஆளும் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40. மரத்தில் கட்டி வைத்து அடிப்பதற்கு அதில் இடமே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம் மனதை மிகவும் வருத்துகிறது. ஊரில் ஒரு வீட்டில் நகை போனால் கண்காணிப்புக் குழு முதலில் கை காட்டுவது ஊருக்கு வெளியே இருக்கும் குறவர் குடியிருப்பை. குற்றப் பழங்குடிகள் சட்டத்தை 1952-லேயே நீக்கிவிட்டோம். நம் கை மட்டும் இன்னும் அந்தப் பக்கமே நீள்கிறது. ஆதாரம் இல்லாமல் சந்தேகத்தை மட்டும் சுமந்துகொண்டு வரும் ஊர்க் குழுவை இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேமராவும் மகஜரும்

கடைத்தெருவில் வசூல் செய்து சி.சி.டி.வி. மாட்டுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. திறப்பு விழாவோடு அதன் கதை முடிகிறது. உப்புக்காற்று அடிக்கும் நாகை, வேதாரண்யம் பக்கம் வயரும் இணைப்பும் சீக்கிரம் போய்விடும், பராமரிப்புக்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். வேலை செய்தாலும் காட்சியைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கோர்ட்டில் அது நிற்காது. மூலப் பதிவும், புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டும். காட்சியைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி யார் பொறுப்பில், எத்தனை நாள் பதிவு தங்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெரிய தொகை கொடுத்தவர் மேல் நாளைக்கே ஒரு புகார் வரலாம் என்பதையும் ஸ்டேஷன் மறக்கக் கூடாது.

போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜருக்குச் சாட்சியாக வழக்கமாக விஏஓவும் தலையாரியும் வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "நமக்கெதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்திக்கொள்வதால் அப்படி ஆகிறது. அங்கேயே, பொருளை எடுத்த இடத்திலேயே எழுதி, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து, இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் வழக்கையே கவிழ்த்துவிடும். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 105-ன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

வழக்குப் பதிந்ததும் கலைந்து போவது

முதல் வாரம் மறியல், பேனர், தொலைக்காட்சி என்று அமர்க்களப்படும். அதற்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பம் மட்டும் தனியாகப் பேருந்து ஏறி கோர்ட்டுக்குப் போய் வரும். சாட்சிகள் பிறழ்வது பெரும்பாலும் அந்த நீண்ட இடைவெளியில்தான். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் பிரிவு 193 சொல்கிறது, தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். வன்கொடுமை வழக்கு என்றால் ஜாமீன் மனு வரும்போதே பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்கவும் வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு அலைய வைக்கக் கூடாது, வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். வழக்கு எண் கிடைத்ததும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளலாம். ஊரில் ஒரு ஆள் அந்தப் பொறுப்பை எடுத்து, வாய்தாவுக்கு முந்தைய நாள் சாட்சிகளுக்குப் போன் செய்து, கூடவே ஒருவரை அனுப்பி வைக்கட்டும்.